ஸ்டேஷன் எண்டில் மூன்று ஆணி

1. இருந்தவர்களும் இல்லாதவர்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை கிரவுண்டில் இருந்தவர்கள்: எங்கள் கம்பெனி டீம் பதினோரு பேர், வெளிநாட்டிலிருந்து வந்த டீம் பதினான்கு பேர், அவர்களுடைய மேனேஜர், அம்பயர் இரண்டு பேர், ஸ்போர்ட்ஸ் கிளப் செகரட்டரி வரதராஜன் சார், ஷாமியானா நிழலில் கம்பெனி அதிகாரிகள் பத்துப் பேர், அப்புறம் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்டர். வருவதாகச் சொல்லி வரவில்லை. இன்னொருவர் எங்கள் ஹெட் கிரவுண்ட்ஸ்மேன் கன்னியப்பன் அண்ணன். சிங்கப்பெருமாள் கோவிலில் அவர் தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அவர் போகாமல் முடியாது. அதனால் அன்று மேட் என் பொறுப்பு.

மேட் என்றால் என்ன என்று இப்போது டர்ஃப் விக்கெட்டில் மட்டும் ஆடுகிற பையன்களுக்குத் தெரியாது. இறுகிய மண் பிட்ச்சின் மேல் தேங்காய்நார்ப் பாயை விரித்து, ஓரத்து வளையங்களில் ஜாண் நீள இரும்பு ஆணிகளை அடித்து, முறுக்காக இழுத்து வைப்பது. முறுக்காக இருந்தால் பந்து ஒரே மாதிரி எழும்பும். எங்கேயாவது தளர்ந்தால் அந்த இடத்தில் பந்து என்ன செய்யும் என்று போட்டவனுக்கும் தெரியாது.

எனக்கு அப்போது இருபது வயது. எண்பதுகளின் கடைசி. அப்பா திரிசூலம் குவாரியில் கல் உடைக்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பிளஸ் டூ பாஸ் பண்ணிவிட்டுக் கிழக்குத் தாம்பரத்தில் கம்பெனி கிரவுண்டில் கேஷுவலாக இருந்தேன். ஒரு பெர்மனென்ட் போஸ்ட் காலியாக இருந்தது. அதற்கு என் பெயரை எழுதி அனுப்ப வேண்டியவர் வரதராஜன் சார். அந்த மாதக் கடைசிக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அந்த மாதம் முழுக்க அவர் இருமினால்கூட நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

2. எதற்காக தாம்பரம்

உலகக் கோப்பையை நாம் டி.வி.யில் பார்க்கிறோம். அதில் இடம் பிடிப்பதற்காகச் சின்னச் சின்ன நாடுகள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் போட்டி ஒன்று உண்டு. பேப்பரில் கடைசிப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும், அல்லது வராது. அந்த மாதிரி ஒரு நாட்டின் டீம்தான் வந்திருந்தது. அந்த நாட்டின் பெயரை நான் எழுதவில்லை. அவர்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கலாம்.

அந்தத் தடவை தகுதிப் போட்டி மேட்டில் நடக்கப் போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் ஊரில் சிமெண்ட் பிட்ச் மட்டும்தான். மெட்ராஸில் பெரிய கிரவுண்டில் எல்லாம் டர்ஃப். யார் மூலமாகவோ எங்கள் கிரவுண்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, பொத்தேரியில் லீவு விட்டிருந்த ஒரு காலேஜ் ஹாஸ்டலில் தங்கி, பத்து நாள் பிராக்டிஸ் பண்ணினார்கள். தினமும் எலக்ட்ரிக் டிரெயினில் கிட்டுகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு நாட்டின் டீம் டிக்கெட் வரிசையில் நிற்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவர்களில் தமிழ் பேசுகிறவர் ஒருவர்தான். பெயர் செல்வநாதன். எல்லோரும் செல்வா என்பார்கள். தாத்தா காலத்தில் கப்பலேறிப் போன குடும்பம். அங்கே பிரைமரி ஸ்கூல் வாத்தியார். ஓபனிங் பேட்ஸ்மேன், முப்பத்தேழு வயது. முதல் நாளே என்னிடம் வந்து, "தம்பி, இந்தப் பாய் விரிக்கிற விதத்தை எனக்குச் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஊரில் போய் விரிக்கப் பார்க்கிறேன்" என்றார். என்னிடம் யாரும் அதுவரை 'கொடுங்கள்' என்று சொன்னதில்லை. நான் ஒவ்வொரு ஆணியாகக் காட்டினேன்.

3. லஞ்ச் டயத்தில் ஒரு வழக்கம்

கடைசி ஞாயிறு எங்கள் டீமுடன் ஒரு மேட்ச். நாங்கள் முதலில் ஆடி நூற்றெழுபதுக்குக் கொஞ்சம் மேலே எடுத்தோம். லஞ்சுக்கு வந்தபோது வரதராஜன் சார் என்னை ஷாமியானாவுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"முருகேசா, ரன்னு பத்தாதுன்னு தோணுது. எம்.டி. சார் நாலு மணிக்கு வரார்."

"ஆமா சார்."

"சேகர் பந்து கொஞ்சம் திரும்பணும். பாத்துப் பண்ணு."

சேகர் எங்கள் ஆஃப் ஸ்பின்னர், மெஷின் ஷாப்பில் வேலை. அவன் ரோடு பக்கமான ரோடு எண்டிலிருந்து போடுவான், பந்து எதிரே ரயில்வே ஸ்டேஷன் பக்கமான ஸ்டேஷன் எண்டில் குத்தும். அங்கே மேட்டின் ஓரத்தில் இரண்டு மூன்று ஆணியை அரை இஞ்ச் கிளப்பி விட்டால் போதும். பாய் கொஞ்சம் தொய்யும், பந்து பிடித்துத் திரும்பும். லீக் மேட்சில் எல்லா கிரவுண்டிலும் இது நடக்கும். யாரும் இதைத் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. நம் ஊர் ஆணி, நம் ஊர் ஸ்பின்னர் என்பது போல. கன்னியப்பன் அண்ணன் இதில் கில்லாடி. எந்த ஆணி, எவ்வளவு என்று அவருக்கு அத்துப்படி. நான் அதுவரை பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன், செய்ததில்லை.

எல்லோரும் தயிர்சாதப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தபோது, மேட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி போய் மூன்று ஆணிகளைக் கிளப்பினேன். மூன்றும் அடுத்தடுத்தவை. கன்னியப்பன் அண்ணன் ஒன்று விட்டு ஒன்றுதான் கிளப்புவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்று மத்தியானம் தெரிந்துகொண்டேன். அடுத்தடுத்த ஆணி தளர்ந்தால், கால் பட்டுப் பட்டுப் பாய் ஒரே இடத்துக்கு ஒதுங்கி மடிப்பு விழும். தரையோடு தரையாக, விரல் தடிமனுக்கு ஒரு மடிப்பு. தூரத்திலிருந்து தெரியாது.

4. டேவிட்

திட்டப்படி ரோடு எண்டில் சேகர், ஸ்டேஷன் எண்டில் எங்கள் ஃபாஸ்ட் பௌலர் டேவிட். பத்து ஓவர் அப்படியே போனது. சேகர் இரண்டு விக்கெட் எடுத்தான். வரதராஜன் சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்குப் போஸ்ட் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

செல்வா சார் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். நாற்பது தாண்டிவிட்டார். அப்போது கடல் காற்று கிளம்பியது. டேவிட் கேப்டனிடம் போய், "மச்சான், காத்து அந்தாண்ட இருந்து வருது. ரோடு எண்ட குடு, ஒரு ஓவர்ல தூக்கிடறேன்" என்றான். ஆணி விஷயம் அவனுக்கும் கேப்டனுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் வரதராஜன் சார், சேகர், நான். கேப்டன் பந்தை டேவிட்டிடம் தூக்கிப் போட்டான். இனி அவனுடைய வேகப்பந்தும் அந்தத் தளர்ந்த பக்கத்தில்தான் குத்தும்.

டேவிட் ரன்-அப்பை அடி வைத்து அளந்தான். பதினெட்டு அடி. ஒவ்வொரு அடியையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் சாக்குப் பையில் சுத்தியல் இருந்தது. எழுந்து கையைத் தூக்கி, 'சார், ஒரு நிமிஷம், மேட் சரி பண்ணணும்' என்று அம்பயரிடம் சொன்னால் முடிந்தது. மேட்ச் நடுவே அப்படிச் சொல்வது சகஜம்தான். எழுந்தும்விட்டேன். மிட் ஆனில் நின்ற சேகர் என்னைப் பார்த்தான். அப்புறம் வேறு பக்கம் பார்த்தான். ஷாமியானா முன்னால் எம்.டி.யின் கார் வந்து நின்றது. வரதராஜன் சார் கதவைத் திறக்க ஓடினார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பந்து லெக் சைடில் போனது. இரண்டாவது பந்து குட் லெங்த். செல்வா சார் முன்னங்காலை வைத்துத் தடுக்க வந்தார். அந்தப் பந்து முழங்காலுக்கு மேல் வரக் கூடாது. முகத்துக்கு வந்தது.

அந்தச் சத்தம் பேட்டில் பட்ட சத்தம் இல்லை என்று கிரவுண்டில் எல்லோருக்கும் உடனே தெரிந்தது. அவர் ஹெல்மெட் போடவில்லை. அந்த டீமில் ஹெல்மெட் மொத்தம் இரண்டுதான், டேவிட் எண்ட் மாறும்வரை இரண்டு பக்கமும் ஸ்பின்னர் போட்டதால் அவர் தன்னுடையதைக் கழற்றி உள்ளே அனுப்பியிருந்தார். மண்டி போட்டு உட்கார்ந்தார். வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் ரத்தம்.

எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். இங்கேதான் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நான் தண்ணீர் வாளியைக் கீழே வைக்கிற மாதிரி வைத்து, மூன்று ஆணிகளையும் குதிகாலால் மிதித்து உள்ளே இறக்கினேன். மடிப்பைக் காலால் தேய்த்துத் தள்ளினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு அம்பயர் வந்து மேட்டை இழுத்துப் பார்த்தார். முறுக்காக இருந்தது. "பிட்ச்சுல ஒண்ணும் இல்ல" என்று அவர்கள் மேனேஜரிடம் இங்கிலீஷில் சொன்னார்.

5. வார்டு

தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வேனில் கொண்டு போனோம். அவருக்குப் பழகிய முகம் கூட இருக்கட்டும் என்று வரதராஜன் சார் என்னையே உட்கார வைத்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, "மேட்டு பத்தி யார்கிட்டயும் பேச வேணாம். ஃபாரினர் கேஸு, போலீஸ் வரைக்கும் போகும். உன் ஃபைல் என் டேபிள்லதான் இருக்கு" என்றார். குரல் மிரட்டலாக இல்லை. அவரும் பயந்திருந்தார்.

அன்று சாயங்காலம் வரை கண்ணைப் பற்றி டாக்டர் எதுவும் சொல்லவில்லை. கண் போய்விட்டால் ஜெயிலா, எத்தனை வருஷம், அப்பாவிடம் யார் சொல்வார்கள் என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் எழுந்து நின்றேன். கடைசியில் டாக்டர் வந்து, கண் தப்பிவிட்டது, எலும்பும் உடையவில்லை, ஐந்து தையல், பத்து நாளில் ஆடலாம் என்றார். தகுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் கன்னியப்பன் அண்ணன் காது குத்து விசேஷத்து லட்டுவோடு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுத்தடுத்து மூணா? அறிவு கீதாடா உனக்கு?"

"தெரியலண்ணா."

"தெரியலன்னா கைய வெச்சிகினு சும்மா இருக்கணும். சரி, ஆனது ஆயிப்போச்சு. கண்ணு பூடலல்ல? வாய தொறக்காத. தொறந்தா உன் வேல மட்டும் இல்ல, இருவது வருசமா நானும் இத்த செஞ்சிகினு கீறேன், என்னுதும் பூடும். பேஜாரா பூடும்."

லட்டுவை என் கையில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

அன்று அவர்கள் டீமுக்கு ஓய்வு. எல்லோரும் வண்டலூர் ஜூவுக்குப் போயிருந்தார்கள். செல்வா சார் ஒரு கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் சொல்லித்தான் அந்த டீமின் கதை எனக்குத் தெரியும்.

முதல் தடவை தகுதிப் போட்டிக்குப் போனபோது பதினோரு பேருக்குச் சேர்த்து ஐந்து பேட். போஸ்ட் ஆபீஸ் கிளார்க், கஸ்டம்ஸ் பியூன், பேக்கரிக்காரர். சம்பளம் இல்லாத லீவு. ஆடியதில் எல்லாம் தோல்வி, மழை வந்த ஒரு மேட்சில் மட்டும் தோற்கவில்லை. ஊருக்குத் திரும்பியபோது அந்த மழையைத்தான் கொண்டாடினார்கள். அடுத்த தடவை ஒரு மேட்ச் ஜெயித்தார்கள். அந்த ஒரு மேட்சுக்காக அவருடைய ஸ்கூலில் அரை நாள் லீவு விட்டார்கள். மூன்றாவது தடவை நான்கு மேட்ச் ஜெயித்து, அடுத்த சுற்றுக்குப் போகிற இடத்தில் ரன் ரேட்டில் வெளியேறினார்கள். மூன்று தடவையும் ஓபனிங் ஆடியவர் இவர் ஒருவர்தான்.

"இந்தத் தடவை போவோம் என்று நினைத்தேன் தம்பி. பையன்கள் நல்ல பையன்கள். ஆனால் எனக்குக் கண் போய்விட்டது."

"சார், கண்ணுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாரே."

"அது டாக்டருடைய கண். பேட்ஸ்மேனுடைய கண் வேறு. பந்து விழுந்த இடம் பார்த்தேன். தடுக்க வேண்டிய பந்து. இருபது வருஷமாகத் தடுத்த பந்து. அது எழும்பினது எனக்குத் தெரியவில்லை. அம்பயர் பிட்ச் சரியாக இருக்கிறது என்று சொல்கிறார். அப்படியானால் என் கண்தான்."

நான் அவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். ஜெயில் பயம் போய் வேறு ஒரு பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு எனக்கு அப்போது பெயர் தெரியவில்லை.

6. டெலக்ஸ்

போட்டிக்குப் போகும் பதினான்கு பேரின் முடிவான பட்டியலைச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் டெலக்ஸில், அந்தக் காலத்துத் தந்தி மெஷினில், அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகு மாற்ற முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் செவ்வாய் காலை மேனேஜர் வார்டுக்கு வந்து அதைச் சொன்னபோது நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

செல்வா சார் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். ஊரில் ரிசர்வில் இருக்கிற பத்தொன்பது வயதுப் பையனைப் போடச் சொன்னார். மேனேஜர் ரொம்ப நேரம் வாதாடினார். டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டினார். "யூ ஆர் அவர் பெஸ்ட் மேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். செல்வா சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தெரியாமல் போகிற கண்ணோடு போய் மற்றவர்கள் இடத்தை அடைக்க மாட்டேன் என்றார்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லப்பா" என்கிற மாதிரி கையை விரித்தார்.

நாக்கு நுனியில் இருந்தது. மேட் சார், என்று இரண்டே வார்த்தை. ஃபைல் டேபிள்மேல் இருப்பது ஞாபகம் வந்தது. அப்பாவின் கை ஞாபகம் வந்தது. கன்னியப்பன் அண்ணனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். இதெல்லாம் உண்மைதான், ஆனால் இதெல்லாம் சாக்கு. அங்கே நின்றபோது நான் பயந்துபோயிருந்தேன், அவ்வளவுதான். மேனேஜர் போய்விட்டார். டெலக்ஸ் ஆபீஸுக்கு அவருக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் நான்தான்.

7. நெட்

புதன்கிழமை காலை செல்வா சார் கட்டை அவிழ்த்துக்கொண்டு கிரவுண்டுக்கு வந்தார். மறுநாள் டீமுக்கு ஃபிளைட்.

"கொஞ்சம் பந்து போடுங்கள் தம்பி. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன்."

மேட் முறுக்காக இருந்தது. நான் மெதுவாகத்தான் போட்டேன். எட்டாங் கிளாஸ் பையன் அடிக்கிற வேகம். ஒவ்வொரு பந்துக்கும் அவர் கால் பந்தை விட்டு விலகி ஸ்கொயர் லெக் பக்கம் போனது. அவருக்கே அது தெரிந்தது. காலை இழுத்து வைத்தார், மறுபடி போனது. ஆறாவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டார். பத்து நாள் அவர் ஆடியதைப் பார்த்தவன் நான். டேவிட் முழு வேகத்தில் போட்டதை முன்னங்காலில் வந்து ஆடிய ஆள். என் பந்தைப் பார்த்து ஒதுங்கினார்.

பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

"சார், உங்க கண்ணு இல்ல. மேட்."

"என்ன?"

"லஞ்ச்ல நான்தான் ஆணிய கிளப்பினேன். சேகருக்காக. அடிபட்டப்புறம் மிதிச்சு உள்ள இறக்கிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் பரவாயில்லை என்று இருந்தது.

"செய்து காட்டுங்கள்" என்றார்.

அதே மூன்று ஆணிகளைக் கிளப்பினேன். பாயைக் காலால் தேய்த்து மடிப்பு வரவைத்தேன். அவர் பேட்டைக் கீழே வைத்துவிட்டு, பந்தை வாங்கி, மடிப்பில் படுகிற மாதிரி தானே திரும்பத் திரும்ப எறிந்தார். நான்கைந்து தடவை ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பந்து தலைக்கு மேல் எகிறி ஸ்டம்புக்குப் பின்னால் வெகுதூரம் போனது. அவர் அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுத்தியலை வாங்கி, ஆணிகளை அவரே அடித்து இறக்கினார். நான் சொல்லிக் கொடுத்த மாதிரி, நேராக, தலை மட்டத்துக்கு.

"இப்போது போடுங்கள்."

போட்டேன். முதல் இரண்டு பந்துக்குக் கால் நகர்ந்தது. மூன்றாவதுக்கு நகரவில்லை. அரை மணி நேரம் போட்டேன். கடைசியில் என்னால் கை தூக்க முடியவில்லை. அவர் முன்னால் வந்து, தலையைக் குனிந்து, பேட்டின் நடுவில் வைத்து ஆடினார். ஆடி முடித்துக் கிளவுஸைக் கழற்றும்போது கேட்டார்:

"இதை ஏன் தம்பி நேற்றுக் காலையில் சொல்லவில்லை?"

நான் சொன்ன பதிலை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "பயமா இருந்துச்சு சார்" என்றேன்.

8. கணக்கு

மேனேஜர் மத்தியானமே மறுபடி டெலக்ஸ் கொடுத்தார். பட்டியல் மூடிவிட்டது, மாற்ற முடியாது என்று பதில் வந்தது. யார் ஆணியைக் கிளப்பினார்கள் என்று செல்வா சார் மேனேஜரிடம் சொல்லவில்லை. கண் சரியாகத்தான் இருக்கிறது, அவசரப்பட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். எம்.டி.யிடம் புகார் எதுவும் போகவில்லை. போலீஸ் வரவில்லை. மாதக் கடைசியில் வரதராஜன் சார் ஃபைலை அனுப்பினார். நான் பெர்மனென்ட் ஆனேன். அப்பா கம்பெனி கேட் வரை வந்து போர்டைப் பார்த்துவிட்டுப் போனார். நான் பயந்த எதுவும் எனக்கு நடக்கவில்லை.

இப்போது எனக்குக் கீழே மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள். மேட் இல்லை, டர்ஃப்தான். ஆனாலும் அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். எந்த டீமுக்காகவும் பிட்ச்சில் கை வைக்காதே, செகரட்டரி சொன்னாலும் வைக்காதே, என்னிடம் வந்து சொல். வைத்துவிட்டால், அடுத்த பந்து போடுவதற்கு முன்னால் கையைத் தூக்கு. வேலை போனால் வேறு வேலை தேடலாம். நான் மூன்று நாள் கழித்துத் தூக்கினேன். அது தூக்காததற்குச் சமம்.

போட்டி முடிந்து ஒன்றரை மாதம் கழித்து செல்வா சாரிடமிருந்து ஒரு ஏர் லெட்டர் வந்தது. தமிழில், அழகான வாத்தியார் கையெழுத்து. அவர் டீமுடன் போய் ஸ்கோர் எழுதினாராம். இந்தத் தடவையும் நான்கு மேட்ச் ஜெயித்தார்கள். அடுத்த சுற்றுக்குப் போக ஐந்தாவதையும் ஜெயிக்க வேண்டும். அவருக்குப் பதிலாக ஓபனிங் போன பையன் இரண்டாவது பந்தில் அவுட். மற்றவர்கள் கடைசி ஓவர் வரை இழுத்துக்கொண்டு போனார்கள். என்மேல் கோபம் என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, கோபம் இல்லை என்றும் எழுதவில்லை. கடைசியில் ஸ்கோர் மட்டும் எழுதியிருந்தார். தோற்றது ஆறு ரன்னில்.